உறைப்பஞ்சு

கீர்த்தனாவுக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் பயத்தில் எடுத்தவை. ஆகவே பாதிக்கு மேல் ஆட்டம் கண்டவை. "மேடம், தோட்டத்துக் குளத்து ஃபில்டரைக் கழுவினோம், உள்ளே செவப்பா நெளியுது, பாம்புக்குட்டியா?" என்று ஒருவர் கேட்பார். அது ரத்தப்புழு, மீனுக்கு அல்வா. "முதலை மாதிரி தாடை வச்சிருக்கு மேடம், கொழந்தைய கடிச்சிருமா?" என்று இன்னொருவர் அலறுவார். அது தும்பியின் பிள்ளைப் பருவம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மாறுகண்ணால் முறைக்கிற ஒன்றைப் படமெடுத்து, "இது எங்களையே பாக்குது" என்று எழுதியவரும் உண்டு. அது தட்டைப்புழு. அதற்கு வெளிச்சம் இருட்டு தெரியுமே தவிர, ஆள் அடையாளம் தெரியாது.

போனை நீட்டினால் எதற்கும் பெயர் சொல்கிற காலம்தான் அது. பறவை, பூ, தோலில் வந்த தடிப்பு, பக்கத்து வீட்டு நாயின் சாதி, எல்லாவற்றையும் சொல்லும். ஆனால் ஃபில்டர் பஞ்சுக்குள் குடியிருக்கும் ஜீவன்களிடம் மட்டும் அது தடுமாறியது. பாதி கண்ணாடியாகவும் பாதி சேறாகவும் இருப்பதைப் பார்த்து அது என்ன செய்யும், பாவம். தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம் வேறு. வாயில் வந்த பெயரைச் சொல்லி வைக்கும். அப்படி ஒரு முறை சொல்லி வைத்து ஊரே சிரித்த பிறகு, தண்ணீர் உயிரிகளை மனிதக் கண் ஒன்று பார்த்து உறுதி செய்தாக வேண்டும் என்று சுகாதாரத் துறை விதி போட்டது. மாநிலத்தில் அப்படிப்பட்ட கண்கள் மிகக் குறைவு. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்து, படிக்கப் பிள்ளைகள் வராமல் அந்தப் பிரிவையே மூடியதும் வீட்டுக்கு வந்தவள் கீர்த்தனா. வந்தபோது நுண்ணோக்கியையும் கூடவே தூக்கி வந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் 'தெரியாது'. நடுவில் ஒன்றும் கிடையாது. கேட்பவர் மனம் குளிரட்டும் என்று அவள் ஒரு புழுவின் பெயரைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அதனால் கல்யாணம் உட்படச் சில விஷயங்கள் அவளுக்கு நடக்கவில்லை என்று அவள் தங்கை தர்ஷினி சொல்வாள். முழுப் பொய்யென்று அதைத் தள்ளிவிட முடியாது.

புரட்டாசி பிறந்த சமயம், வெள்ளேரி நகரிலிருந்து சோதனைக்கு ஒரு பாட்டில் வந்தது. தர்ஷினி வாழ்க்கைப்பட்ட இடம் என்பதால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் திறந்தாள். உள்ளே ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சு. அதைப் பிழிந்து கண்ணாடித் தட்டில் விட்டுப் பார்த்தாள். மெல்லிய தண்டு, நுனியில் நூல் நூலாய்க் கைகள். ஹைட்ரா. பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லோரும் படம் வரைந்து மறந்து போவது. தண்டின் பக்கத்தில் சின்னதாக ஒரு அரும்பு, அதற்கும் குட்டிக் குட்டிக் கைகள். ஹைட்ரா அப்படித்தான் பெருகும்; பிள்ளை இடுப்பிலேயே முளைத்து, வளர்ந்ததும் கழன்று தனிக்குடித்தனம் போய்விடும்.

பழக்க தோஷத்தில் ஊதா விளக்கைப் போட்டாள். தட்டில் இருந்ததெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. கீர்த்தனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இயற்கையான ஹைட்ரா ஒளிராது. பச்சை என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த முத்திரை. அப்படி முத்திரை பெற்ற ஹைட்ரா ஒன்றே ஒன்றுதான்: கொசுத்தின்னி. தடுப்பூசிக்கு அடங்காத புது டெங்கு வந்து பிள்ளைகளை வாரிக்கொண்டு போன சமயத்தில் துறை அதை வீட்டுக்கு வீடு கொடுத்தது. தொட்டியில் விட்டால் கொசுப்புழு ஒன்று மிஞ்சாது. கட்டுக்குள் இருக்கட்டும் என்று அதற்கு ஒரு கால்கட்டும் போட்டிருந்தார்கள். துறை தருகிற நீலப்பொடியைத் தண்ணீரில் தூவினால்தான் அரும்பு விடும். பொடி இல்லையென்றால் மலடாகிச் சாகும். சில மழைக்காலங்கள் காய்ச்சலே இல்லாமல் கழிந்தன. ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. காய்ச்சல் போனதும் பொடிக்கு எதற்குச் செலவு என்று துறை நிறுத்திவிட்டது. அது ஆகி மூன்று வருஷமாகிறது. கொசுத்தின்னி இந்நேரம் பூண்டோடு அழிந்திருக்க வேண்டும். இதுவோ பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தது.

துறையில் இந்த விவகாரங்களைப் பார்க்கும் ஆஷிக்கைக் கூப்பிட்டாள். நல்ல மனிதர், நாற்பது வயதுக்குள் தலை நரைத்தவர்.

"அரும்பு விட்டிருக்கா? நிச்சயமா மேடம்?"

"அரும்பு நிச்சயம் சார். பொடி இல்லாம விட்டுதா, யாராவது பழைய டப்பாவுல மிச்சம் இருந்ததப் போட்டாங்களாங்கறதுதான் தெரியல. நேர்ல போய்ப் பாக்கணும்."

"பாத்துடுங்க. ஆனா ஒண்ணு. பொடி இல்லாமத்தான் பெருகுதுன்னு நீங்க சொல்லிட்டா எனக்கு வேற வழி கிடையாது. நகர் முழுக்க குளோரின் விடணும். தொட்டி, கொளம், கெணறு, ஃபில்டர், ஒண்ணு பாக்கி இல்லாம."

"மீனெல்லாம்?"

"குளோரின்ல மீன் எப்படி மேடம் பொழைக்கும்?" "மழைக்கு முன்னாடி முடிச்சாகணும். மழை எறங்கிட்டா அந்த நகர்த் தண்ணி பூரா வெள்ளேரிக்குள்ளதான் போகும். ஏரிக்குள்ள இது போயிடுச்சின்னா அப்புறம் நீங்களும் நானும் வேற வேலை தேடிக்கலாம்."

வெள்ளேரி நகரில் மனிதர்களைவிட மீன்கள் அதிகம். வாசலில் கோலம் போட இடம் விடாமல் சிமெண்டுத் தொட்டிகள், மாடியில் தார்ப்பாய்த் தொட்டிகள், சந்தில் காற்றுக் குழாய்களின் குமிழிச் சத்தம். சென்னையில் எந்தப் பங்களாத் தோட்டத்துக் குளத்தில் கோய் மீன் நீந்தினாலும் அதன் பிறந்த வீடு இங்கேதான். தர்ஷினியும் அவள் கணவன் பிரேமும் கோல்டு ஃபிஷ் வளர்த்தார்கள்.

அந்த நகருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதுத் தொட்டி கட்டினால் பக்கத்து வீட்டார் தங்கள் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை வெட்டிக் கொடுப்பார்கள். பழைய பஞ்சில் நல்ல நுண்ணுயிர்கள் குடியேறியிருக்கும். அவை இல்லாத புதுத் தண்ணீரில் மீன் தன் கழிவிலேயே வெந்து சாகும். பாலில் ஊற்ற மோர் வாங்குகிற மாதிரிதான் இது என்பதால் அதற்கு உறை என்றே பெயர். உறைக்கு விலை கிடையாது. கேட்டவருக்கு இல்லையென்று சொல்வதும் கிடையாது. தண்ணீர்ச் சண்டையில் மண்டையை உடைத்தவன் வந்து கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது கொடுத்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து மீன் வாங்க வருபவர்களுக்கும் ஒரு துண்டு உண்டு. கொடுக்கும் முன் பஞ்சைப் பட்டினி போடுவார்கள். தீனி, மருந்து, பொடி எதுவும் படாத சுத்தத் தண்ணீரில் சில நாள் வைத்து, நோய் நொடி எல்லாம் செத்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போகும். மகளைக் கட்டிக்கொடுப்பவர்கள்கூட அவ்வளவு யோசிப்பார்களா என்பது சந்தேகம்.

கீர்த்தனா ஊதா விளக்கோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். தர்ஷினி கூடவே வந்தாள், பேசாமல். போன இடமெல்லாம் பஞ்சு பச்சையாக ஒளிர்ந்தது. "இதாம்மா காவல் தெய்வம், ஒரு கொசு கெடையாது எங்க தெருவுல" என்றாள் ஒரு வீட்டுக்காரி. நீலப்பொடி டப்பா எந்த வீட்டிலும் இல்லை. இருந்த ஒன்றிரண்டிலும் கடுகும் வெந்தயமும் போட்டு வைத்திருந்தார்கள்.

மத்தியானம் தங்கை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தபோது அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் சாப்பாட்டைக்கூட மறந்து பேசினாள்.

"தர்ஷூ, இது யார் தப்பும் இல்லடி. உங்க உறை வழக்கம்தான் பண்ணியிருக்கு. பட்டினி போடுறீங்க இல்ல, அதுல பொடி வேணும்கறது எல்லாம் செத்துடும். கோடியில ஒண்ணு பொடி இல்லாமலே பொழைக்கிற மாதிரி பொறந்திருக்கும். அது மட்டும் மிஞ்சி அடுத்த வீட்டுக்குப் போவுது. அங்கயும் பட்டினி, அங்கயும் வடிகட்டல். நீங்க எல்லாரும் சேந்து, தெரியாமலே, ஒரு புது உயிர வளத்துட்டீங்க."

தர்ஷினி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியாம ஒண்ணும் இல்லக்கா."

"என்னா சொல்ற?"

"பொடி நிறுத்திட்டாங்கல்ல. அப்ப அங்கவைக்கு ரெண்டு வயசுதான். நான் தெனம் தொட்டி முன்னாடியே உக்காந்திருப்பேன். ஒவ்வொண்ணா செத்துச்சு. எல்லாம் செத்தப்புறம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அரும்பு வச்சிட்டு. அத எடுத்து டம்ளர்ல விட்டேன். நீ காலேஜ்ல எப்பவோ சொல்லிக் குடுத்திருக்கியே, பொழைச்சதோட பிள்ளையும் பொழைக்கும்னு. அது பெருகுற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடல. அப்புறம் பஞ்சுல ஏத்தி, உறைன்னு சொல்லி, கேக்காதவங்களுக்கும் நானே கொண்டு போய்க் குடுத்தேன்."

அவர்கள் காலத்தில் ஊரெல்லாம் வர்ஷினி, தர்ஷினி என்று பெயர்; அடுத்த தலைமுறைக்குச் சங்கப் புலவர்களும் மன்னர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். தர்ஷினியின் மூத்தவன் பெயர் மாறன். கொசுத்தின்னி வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில், புதுச் சீருடை தைக்கக் கொடுத்திருந்த வாரத்தில், காய்ச்சல் கண்டு போய்விட்டான். அந்தச் சீருடையைத் தையல்காரர் இன்னும் கொண்டுவந்து தரவில்லை, இவர்களும் கேட்கவில்லை. இப்போது இருப்பது ஐந்து வயது அங்கவை ஒருத்திதான். அவள் கூடத்தில் படுத்துக்கொண்டு சுவரில் காலை ஏற்றி, யாருக்கும் புரியாத பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள்.

கீர்த்தனா எழுந்து போய்ப் பிரேமிடம் ஒரு கிண்ணம் மீன் குஞ்சுகள் வாங்கி வந்தாள். கண்ணும் வாலும் மட்டுமாய்த் துடிக்கிற குஞ்சுகள். அதில் உறைப்பஞ்சு ஒரு துண்டைப் போட்டு ஜன்னல் மேடையில் வைத்தாள். வெயில் சாய்ந்து, தர்ஷினி காபி கலந்து கொண்டுவந்தபோது கிண்ணத்தில் அசைகிற எதுவும் இல்லை. பஞ்சு மட்டும் இருந்தது.

"உங்க தொட்டியில முட்டைய பஞ்சு இல்லாத வேற தொட்டிக்கு மாத்திடறீங்க. அதனால தெரியல. ஏரியில யாரு மாத்துவா? குஞ்சு, தலைப்பிரட்டை, தும்பி எல்லாம் போயிடும். அக்கரையில வலை போடுறவங்க எத்தனை குடும்பம்? வெள்ளேரியோட நிக்காது, தர்ஷூ. அதுலேந்து கால்வாய், கால்வாய்லேந்து ஆறு."

"ஏரி பெருசுக்கா."

"உன் டம்ளரு சின்னதாத்தான் இருந்துச்சு."

தர்ஷினி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் கீர்த்தனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மீன் குஞ்சு போகும்னு நீ சொல்றது நெசம்தான். நான் இல்லங்கல. ஆனா எனக்கு அது போறதுக்கும் இது போறதுக்கும் ஒண்ணுன்னு தோணலியேக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கூடத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "மழ முடியட்டும். தை மாசம் சொல்லு. நானே ஆபீசுக்கு வந்து நான்தான் வளத்தேன்னு எழுதிக் குடுக்கறேன். ஜெயில்ல போட்டாலும் போவறேன்."

"மழ வந்தாத்தானேடி ஏரிக்குப் போகும்? தையில சொல்றதும் சொல்லாம இருக்கறதும் ஒண்ணுதான்."

"அப்ப சொல்லாத."

திரும்பி வரும் வழியெல்லாம் கீர்த்தனாவுக்கு மாறனின் நினைவாகவே இருந்தது. பெரியம்மா என்று அவன் கூப்பிடும்போது 'பெரி'க்கு ஒரு அழுத்தம் கொடுப்பான். இவளை அப்படிக் கூப்பிட்ட முதல் குழந்தைக் குரல் அது. ஏரியில் வலை வீசுகிற யாரையும் இவளுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்காகத் தெரிந்தவர்களை நோகடிப்பது நியாயமா, அல்லது தெரிந்தவர்களுக்காகத் தெரியாதவர்களின் வாயில் மண்ணைப் போடுவதுதான் நியாயமா? எந்தப் புத்தகத்திலும் இதற்குப் படம் போட்டுப் பாகம் குறித்திருக்கவில்லை.

ஆஷிக்கிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"குளோரின் போட்டுட்டா கொசு வந்துருமே சார். அப்புறம்?"

"பழைய கொசுத்தின்னிய, பொடி வேணும்கற சாதிய, திரும்பக் குடுக்கச் சொல்லி மேல எழுதிட்டேன் மேடம். ஒத்துக்கிட்டாங்க. மழைக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு பொடி வந்துடும். என்னை நம்புங்க."

அவர் சொன்னதை அவரே நம்பினார். அதனால் இவளும் நம்பினாள். இது கொசுத்தின்னிதான், பொடி இல்லாமல் பெருகுகிறது என்று சொல்லிவிட்டாள். எப்படி வந்தது என்று கேட்டதற்கு, உறைப்பஞ்சைப் பட்டினி போடும் வழக்கத்தில் தானாக நேர்ந்தது என்றாள். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது என்றிருந்தவள் முதல்முறையாக நடுவில் போய் நின்றாள்.

குளோரின் லாரிகள் வந்த நாளில் அவளும் போயிருந்தாள். வராமல் வீட்டில் ஒளிந்துகொள்வது கேவலம் என்று பட்டது. நகர் சத்தம் போடும், லாரியை மறிக்கும் என்று போலீஸ்காரர்களும் வந்திருந்தார்கள். யாரும் மறிக்கவில்லை. காற்றுக் குழாய்களை ஒவ்வொரு வீடாக நிறுத்த, அந்தக் குமிழிச் சத்தம் அடங்கியபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் வெயிலில் வேலை செய்தவர்களுக்கு மோர் கொடுத்தார். தன் மீனைக் கொல்ல வந்தவர்களுக்கு மோர் கொடுக்கிறோமே என்று நினைக்கக்கூட இல்லை. அவர் பையன் செழியன் மூக்கைப் பொத்திக்கொண்டு லாரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

தர்ஷினி தன் வீட்டுத் தொட்டிகளில் யாரையும் கை வைக்க விடவில்லை. அவளே வாங்கி ஊற்றினாள். பஞ்சுகளைப் பிடுங்கி, குளோரின் வாளியில் அமுக்கி, துணி அலசுகிற மாதிரி அலசினாள். தங்க நிற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பெரியம்மா, மீனெல்லாம் ஏன் மல்லாக்கப் படுத்திருக்கு?" என்றாள் அங்கவை.

தர்ஷினி மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரேம் மட்டும் வாசலில் நின்றான். "நீங்க தப்பா எதுவும் சொல்லியிருக்க மாட்டீங்க அண்ணி" என்றான். திட்டியிருக்கலாம் என்று இவளுக்குத் தோன்றியது.

மழை அந்த வருஷம் முன்கூட்டியே வந்தது. பொடி வரவில்லை. டெண்டரில் யாரோ வழக்குப் போட்டிருந்தார்கள். ஆஷிக் தினமும் யாரையாவது போய்ப் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லோரும் ஆகட்டும் என்றார்கள். வெள்ளேரி நகரில் மீனில்லாத தொட்டிகள் மழையில் நிரம்பி நின்றன. ஊர் முழுக்கத் தொட்டி, ஒன்றிலும் உயிரில்லை என்றால் கொசுவுக்கு அதைவிடக் கல்யாண மண்டபம் வேறு வேண்டுமா? ஐப்பசி பாதிக்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அங்கவையை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகப் பிரேம்தான் சொன்னான். கீர்த்தனா போனபோது குழந்தை கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். கையில் ஊசி, கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள். தர்ஷினி அக்காவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். அவ்வளவுதான். ஒரு சொல் இல்லை. கீர்த்தனா தினமும் போனாள், கஞ்சி எடுத்துப் போனாள், ரத்த அணுக்களின் கணக்கை நர்ஸிடம் கேட்டுக் கேட்டு அவள் பொறுமையைச் சோதித்தாள். தங்கையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த மௌனத்தைப் போல ஒன்றை அவள் எந்த எதிரியிடமும் கண்டதில்லை. 'ஏன்க்கா சொன்னே' என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும், காலில் விழுந்திருப்பாள்.

பக்கத்துக் கட்டிலில் செழியன். எதிர்வீட்டுப் பையன். முதலில் அவன் பரவாயில்லாமல் இருந்தான், நர்ஸிடம் பந்து கேட்டுத் தொந்தரவு செய்தான். பிறகு கேட்பதை நிறுத்தினான். ஒரு காலையில் கீர்த்தனா கஞ்சிப் பாத்திரத்தோடு நுழைந்தபோது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பா, மோர் கொடுத்த மனிதர், வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றார். யாரோ அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தர்ஷினி அந்தக் கட்டிலைப் பார்த்தபடியே முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அவங்க வீட்டுக்குத்தான் மொத உறை குடுத்தேன்."

கீர்த்தனாவிடம்தான் சொன்னாளா, கட்டிலிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. கீர்த்தனா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். தன்மேலேயே இவ்வளவு வெறுப்பு வருமென்று அவள் நினைத்ததில்லை. சொன்னது அத்தனையும் சரி. மறுபடி கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்ல முடியும். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்கு மூன்றாம் நாள் அங்கவைக்குக் காய்ச்சல் இறங்கியது, ரத்த அணுக்களும் ஏறின. டாக்டர் சிரித்த முகத்தோடு போனார். அன்று மத்தியானம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, வாரக்கணக்கில் பார்க்காமல் விட்ட செய்திகளை கீர்த்தனா திறந்தாள். ரத்தப்புழு, தும்பி, ரத்தப்புழு. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டே வந்தாள். தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து அன்று காலை ஒரு பெண் படம் அனுப்பியிருந்தாள். ஆடாமல், பொறுமையாக எடுத்த படம். பஞ்சின் ஓரத்தில் தண்டு, நூல் கைகள், இடுப்பில் அரும்பு.

"வணக்கம் மேடம். போன வருசம் மெட்ராஸ்ல வெள்ளேரி நகர்ல மீன் வாங்கினப்ப ஒரு அக்கா பிரியமா உறை குடுத்தாங்க. எங்க தெருவுல எல்லா வீட்டுத் தொட்டியிலயும் அதத்தான் பிரிச்சு வச்சிருக்கோம். இப்பத்தான் பாக்கறோம், ஏதோ பூச்சி இருக்கு. போன்ல காட்டினா வேர்னு சொல்லுது. என் பையன் எப்பவும் தொட்டிக்குள்ளயே கைய விட்டுக்கிட்டுக் கெடப்பான். ஆபத்தா மேடம்?"

கீர்த்தனா கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டாள்.

"உங்க பக்கம் காய்ச்சல் இருக்கா?"

பதில் உடனே வந்தது. "சுத்துப்பட்டு எல்லாம் இருக்கு மேடம். பக்கத்துத் தெருவுல ரெண்டு கொழந்த ஆஸ்பத்திரியில. எங்க தெருவுல மட்டும் ஒருத்தருக்கும் இல்ல. மாரியாத்தா புண்ணியம்."

கொசுத்தின்னி என்று எழுதினால் நாளைக்கே ஆஷிக் லாரி அனுப்ப வேண்டும். அவள் விரிப்பு மாற்றிய கட்டிலை நினைத்தாள். தொட்டிக்குள் கை விட்டுக்கொண்டிருக்கும் முகம் தெரியாத பையனை நினைத்தாள். அவனுக்கு மாறன் முகம் வந்தது. ஒரு தெரு, நாலு தொட்டி, அவ்வளவுதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுதினாள்:

"சாதாரண ஹைட்ரா. ஆபத்தில்லை. பயப்பட வேண்டாம்."

அனுப்பியதும் உடம்பு லேசாயிற்று. இத்தனை வருஷ வேலையில் முதல் பொய். இவ்வளவு சுலபமா இது? கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"ரொம்ப நன்றி மேடம். நீங்க சொன்னா சரிதான். உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யணும்னுதான் காத்திருந்தோம். நாளைக்கு எங்க பெரிய கண்மாயில பஞ்சாயத்துல மீன்குஞ்சு விடறாங்க. குஞ்சு நல்லா வளரட்டும்னு எல்லா வீட்டுலேந்தும் உறை சேத்து வச்சிருக்கோம். அதையும் கூடவே விட்டுடறோம்."

கீர்த்தனா 'வேண்டாம்' என்று எழுதினாள். ஏன் என்று கேட்பார்கள். ஏனென்று சொன்னால் தெரு போகும். அழித்தாள். கண்மாய்த் தண்ணீருக்கு உறை சேராது என்று எழுதினாள். பழகிய மீன்காரர்களுக்கு அந்தக் காரணம் நிற்காது. அதையும் அழித்தாள். உறையை எரித்துவிடுங்கள், தொட்டியில் மட்டும் இருக்கட்டும் என்று எதைச் சொன்னாலும் முந்தைய வரி மேலே நின்று சிரித்தது: ஆபத்தில்லை.

வார்டுக் கதவு திறந்தது. தர்ஷினி வெளியே எட்டிப் பார்த்தாள். தூக்கமில்லாத முகத்தில், எத்தனையோ நாளைக்குப் பிறகு, பழைய தங்கை தெரிந்தாள்.

"அக்கா, கொழந்த இட்லி கேக்குறா. நீ வந்து ஊட்டணுமாம். வாக்கா."

"இதோ வரேன்டி" என்றாள் கீர்த்தனா.

எழுந்தவளின் கையில் போன் இன்னும் ஒருமுறை அதிர்ந்தது.

"விடலாம்தானே மேடம்?"